நான்கு ஆறுகளின் ஏரி

அன்புள்ள கயல்,

மானசரோவர் ஏரியிலிருந்து நான்கு ஆறுகள் புறப்படுவதாகப் பாட்டி சொன்னார். அட்லஸில் அப்படி இல்லையே, கதை பொய்யா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் பொய்யா மெய்யா என்பதோடு நின்றுவிடாதே. கதை சொன்னவர்கள் எதைக் கண்டு சொன்னார்கள் என்றும் கேள்.

திபெத்தில் கயிலை மலைக்குத் தெற்கே, ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. திபெத்தியர் கதையில் கிழக்கே குதிரை, வடக்கே சிங்கம், மேற்கே யானை, தெற்கே மயில் என நான்கின் வாயிலிருந்தும் ஆறுகள் பாய்கின்றன. அவைதாம் பிரம்மபுத்திரா, சிந்து, சட்லெஜ், கர்னாலி.

உன் அட்லஸ் சொல்வது சரி. சிந்துவின் ஊற்று ஏரியில் இல்லை. கயிலைக்கு வடக்கே இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஸ்வென் ஹெடின் 1907இல் மானசரோவரில் படகில் சென்று ஆழம் அளந்தார். அதே ஆண்டு சிந்துவின் ஊற்றையும் அடைந்தார். பிரம்மபுத்திரா கிழக்கே பனிப்பாறைகளில் பிறக்கிறது. ஆனாலும் நான்கு ஆறுகளும் அந்த ஒரே மேட்டுநிலத்தைச் சுற்றித்தான் தொடங்குகின்றன. ஆடுகளின் முதுகில் உப்பு மூட்டை ஏற்றி நடந்த மக்கள், வானிலிருந்து எடுத்த படம் எதுவும் இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவை மறக்காமல் வைத்துக்கொள்ள நான்கு விலங்குகள் போதுமாக இருந்தன.

இன்னொரு கதை. மானசரோவரில் இரண்டு தங்கமீன்கள் சண்டையிட்டன. ஒன்று மற்றதைத் துரத்த, அது தரையைக் கிழித்துக்கொண்டு பக்கத்து ஏரியான ராட்சசதாலுக்குள் ஓடியது. அதுவரை நஞ்சாக இருந்த அந்த ஏரியின் நீர் குடிக்கத்தக்கதானது. மீன் ஓடிய தடமாகச் சொல்லப்படும் கால்வாய் இன்றும் இருக்கிறது. பெயர் கங்கா சூ, நீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். சில ஆண்டுகளில் அதில் நீர் ஓடும், சில ஆண்டுகளில் வறண்டு கிடக்கும். ஓடினால் நல்ல காலம் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. மானசரோவர் நல்ல நீர். ராட்சசதால் சற்றே உப்புக் கலந்தது. வந்த நீர் வெளியேற வழி குறைந்து ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். கால்வாயில் நன்னீர் வந்தால் அந்த ஏரி தேறும். மீன் கதைக்குள் இருப்பது இந்த நீர்க்கணக்குதான்.

எல்லாக் கதையும் அந்த மண்ணில் முளைத்ததன்று. ஏரியின் நடுவே கண்ணுக்குத் தெரியாத நாவல் மரம் நிற்கிறதாம்; நீரில் விழும் கனிகளை நாகர்கள் உண்பார்களாம், மிஞ்சியவை பொன்னாகுமாம். அந்தக் குளிரில் நாவல் வளராது. நாவல் பழுக்கும் சமவெளியிலிருந்து மலையேறிப் போன கதை அது என்று நினைக்கிறேன். கதையில் வரும் மரத்தையும் பறவையையும் கவனித்தால், அது நடந்து வந்த பாதை தெரியும்.

பறவை என்றதும் மானசரோவரின் அன்னங்கள் நினைவுக்கு வருகின்றன. மழைக்காலத்தில் அவை அந்த ஏரிக்குத் திரும்புவதாக வடமொழிக் கவிகள் பாடினார்கள். உண்மையிலேயே வரித்தலை வாத்துகள் திபெத்திய ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வருகின்றன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் அவற்றைக் காணலாம். பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பும் அந்த ஊரார், அவை மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஒரு நம்பிக்கை உயிர்களைக் காப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆகவே, இனி ஒரு கதை கேட்டால் மூன்றைத் தேடு: சொன்னவர் கண்டது என்ன, கதை எந்த ஊரிலிருந்து வந்தது, கேட்டவரை எப்படி நடக்கச் சொல்கிறது. உங்கள் ஊர்க் குளத்துக்கும் ஒரு கதை இருக்கும். பாட்டியிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்பு. அட்லஸையும் பக்கத்தில் வைத்துக்கொள். இரண்டும் உனக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா