கல்லில் இருக்கிறது, பாட முடியவில்லை



தம்பி, உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்வெட்டுப் பாடங்களைக் கணினியில் ஏற்றுகிறாய் என்பதில் மகிழ்ச்சி. "இலவசச் செயலியில்தானே செய்கிறேன், அப்படியானால் அது திறந்த வடிவம்தானே?" என்று கேட்டிருந்தாய். இல்லை. காசு வாங்காத செயலி வேறு, திறந்த வடிவம் வேறு. கோப்புக்குள் எது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விதி முழுவதும் வெளியாகி, அதைப் படிக்கும் செயலியை எவரும் அனுமதி கேட்காமல் எழுதலாம் என்றிருந்தால்தான் அது திறந்த வடிவம். விதி பூட்டிக் கிடந்தால், செயலியைச் சும்மா கொடுத்தாலும் கோப்பு உனக்குச் சொந்தமில்லை.

இதற்குச் சான்று தேடி நீ வெளியூர் போக வேண்டாம். குடுமியான்மலைப் பாறையில் ஏழு பகுதிகளாக, கிரந்த எழுத்தில், சுரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுரமும் நான்கு உயிரெழுத்துகளோடு மாறி மாறி வருகிறது: ர, ரி, ரு, ரெ. எழுத்தைப் படிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பண்டார்க்கர் நூறாண்டுக்கு முன்பே எபிகிராஃபியா இண்டிகா இதழில் அதைப் பதிப்பித்துவிட்டார். ஆனால் ரி என்பதற்கும் ரு என்பதற்கும் என்ன வேறுபாடு? சுருதி நுட்பம் என்பார் உண்டு, கருவியை வாசிக்கும் முறை என்பார் உண்டு. இன்றுவரை முடிவு ஏற்படவில்லை. மாணவர் நலனுக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அந்த மாணவர்களுக்குத் தெரிந்திருந்த விதியை யாரும் பக்கத்தில் வெட்டிவைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கல் தாங்கி நின்றும் இசை நமக்கு வரவில்லை. சேமிப்பு என்றால் வன்தட்டு, நகல், மேகம் என்று மட்டுமே பேசுகிறவர்கள் இந்தப் பாறையின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

தமிழ்க் கணினியில் இதே கதை நடக்கப் பல நூற்றாண்டு தேவைப்படவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்களே. தமிழ் என்பது மேலே போர்த்திய உருவம். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை, டிஸ்கி, யூனிகோடு என்று குறியேற்றம் மாறி வந்தும் நூல்களை இழக்கவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

"பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதாதா?" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பிடிஎஃப் 2008இல் ஐஎஸ்ஓ தரமானது உண்மை. நெடுநாள் காப்புக்கென்று பிடிஎஃப்/ஏ இருப்பதும் உண்மை. ஆனால் பாமினியில் அடித்ததைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே "சோழ" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. "வேர்டு எங்கே போய்விடப் போகிறது?" என்ற வாதம் இதைவிட வலுவானது. வேர்டை வெளியிடும் நிறுவனமே தன் புதிய ஆவண வடிவத்தைத் தரப்படுத்த முன்வந்தது, அது 2008இல் ஐஎஸ்ஓ ஏற்பையும் பெற்றது. ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006லேயே அந்த ஏற்பைப் பெற்றுவிட்டதால், இரண்டாவது தரம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். இந்தியாவும் எதிர்த்தே வாக்களித்தது. எப்படியானாலும், எல்லாரிடமும் இருப்பதாலேயே ஒரு வடிவம் நிலைக்கும் என்றிருந்தால், சந்தையை ஆண்ட அந்த நிறுவனம் தரச் சான்றுக்காக ஏன் அவ்வளவு போராட வேண்டும்? அப்படியானால், 1929இல் வந்த புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிக்கு எந்த வடிவம் இருந்தது என்று நீ கேட்கலாம். தமிழ் எழுத்தேதான் அதன் வடிவம். அதன் விதி ஊருக்கு ஊர் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது.

ஆகவே பாடத்தை யூனிகோடில், யூடிஎஃப்-8 எளிய உரையாக வை. ஊர், அரசர், ஆட்சியாண்டுப் பட்டியலை சிஎஸ்வியாக வை. படங்களும் இருக்கட்டும், ஆனால் பாடத்துக்குப் பதிலாக அல்ல. ஒவ்வொரு தொகுப்போடும் ஒரு விளக்கக் கோப்பைச் சேர்த்துவிடு: சதுர அடைப்புக்குள் இருப்பது உன் ஊகமா, முன்னோர் பதிப்பில் இருந்ததா, சிதைந்த இடத்தில் நீ இடும் ஒரு புள்ளி ஓர் எழுத்தைக் குறிக்கிறதா, அளவு தெரியாத இடைவெளியைக் குறிக்கிறதா என்பதை அதில் எழுது.