கிடார் பேக் கொள்முதல்: உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

நமது ஊரில் பை, பெட்டி, ரெக்சின் சரக்கு விற்கும் உறுப்பினர்கள் பலர் கிடார் பேக்கும் வைக்கத் தொடங்கி விட்டார்கள். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் கிடார் யார் வாங்குவார்கள் என்று கேட்ட காலம் போய் விட்டது. சர்ச் பாடகர் குழுவினர், கல்லூரி மாணவர்கள், கிரேடு தேர்வுக்குச் சென்னை போய் வரும் பள்ளிப் பிள்ளைகள் என்று வாடிக்கையாளர் இருக்கிறார்கள். 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன்பு இளையராஜா அவர்களும் இசைக் குழுக்களில் கிடார் வாசித்தவரே. ஆகவே இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிப் பையைப் போல் இதைக் கொள்முதல் செய்யக் கூடாது. காரணத்தைச் சொல்கிறோம்.

நமது நாதஸ்வர வித்வான்கள் வாத்தியத்தைத் துணி உறையில் போட்டுத் தோளில் மாட்டிக் கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆச்சா மரத்தில் கடைந்த குழல் அது. கெட்டியான மரம், சிறு அடியைத் தாங்கும். தூசியும் ஈரமும் படாமல் இருந்தால் போதும். கிடார் அப்படியல்ல. உள்ளே வெற்றிடமான மெல்லிய பெட்டி. மேல் பலகையின் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். அந்தப் பலகையின் மேல் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துக் கொண்டிருக்கின்றன. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் மரம் மிகவும் ஒல்லி. தலை வேறு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கிடார் மல்லாந்து விழுந்தால் முதலில் தரையில் மோதுவது பெரும்பாலும் தலைதான். உடைவதும் அந்த இடத்தில்தான்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடை ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். தறிக்காரர் ஒருவர் மகனுக்குக் கிடார் வாங்கி விட்டு, "கவர் எதுவாக இருந்தாலும் சரி, விலை குறைவாகக் கொடுங்கள்" என்றார். கடைக்காரரும் பஞ்சு இல்லாத ஒற்றைத் துணிக் கவரை எடுத்துக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து பஸ்சில் மேல் தட்டிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது. தந்தை உடைந்த கிடாரையும் கவரையும் கொண்டு வந்து கடையில் வைத்தார். சண்டை போடவில்லை. "இரண்டு விலைக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மற்றதையே எடுத்திருப்பேனே" என்று மட்டும் கேட்டார். பல நாள் கூலியைச் சேர்த்து வாங்கிய பொருள் அது. அந்தக் குடும்பம் மறுபடி அந்தக் கடைப் படி ஏறவில்லை. மலிவாகக் கேட்டது அவர்தான், மறுக்கவில்லை. சொல்ல வேண்டியது கடைக்காரர் வேலையல்லவா?

இனி சரக்கைப் பார்ப்போம். வெளித்துணியில் 420, 600, 1680 என்று எண் போட்டிருப்பார்கள். பட்டு ஊரில் டெனியர் என்றால் விளக்கத் தேவையில்லை. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுவே டெனியர். நாம் வாங்கும் கச்சாப் பட்டு 20/22 டெனியர். பையில் வருவது 600 என்றால் அந்த அளவு நூல் 600 கிராம் எடை என்று அர்த்தம். அன்றாட உபயோகத்துக்கு 600 டெனியர் பாலியஸ்டர் போதுமானது. 1680 நல்ல உழைப்பு உழைக்கும், ஆனால் எடையும் கூடும். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே டெனியரில் நெருக்கமான நெசவும் உண்டு, சல்லடை போன்ற நெசவும் உண்டு. பட்டுக் கடையில் நூல் எண்ணும் லென்ஸ் இருக்கிறதே, அதையே சாம்பிள் மேல் வைத்துப் பாருங்கள். பை வியாபாரி கொஞ்சம் ஆச்சரியப்படுவார், பரவாயில்லை.

துணியை விட முக்கியம் உள்ளே இருக்கும் போம். மெத்தென்ற சாதாரண ஸ்பாஞ்ச் கையில் தொட்டால் நன்றாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் விரல் மறுபக்கத் துணியைத் தொட்டு விடும். அது அடியைத் தாங்காது. கொஞ்சம் விறைப்பாக, அழுத்தி எடுத்தவுடன் திரும்பி எழும்புகிற போம் வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பாதுகாப்பு உள்ள பேக் என்று சொல்லி விற்பது நியாயமல்ல என்பது நமது கருத்து. 20 மில்லிமீட்டர் இருந்தால் பஸ், ரயிலில் போய் வரும் பிள்ளைகளுக்கு நிம்மதி. ஒரு விஷயம்: இடம் மிச்சம் பிடிக்க இறுக்கிக் கட்டிய பேலில் வரும் பேக்குகளில் போம் நசுங்கிப் போயிருக்கும். பிரித்து இரண்டு நாள் தொங்க விட்டு, பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எழும்பாததைத் திருப்பி அனுப்பலாம்.

தலைப் பக்கமும், அடியில் தோள் பெல்ட் மாட்டும் ஆணி இருக்கும் இடமும் தனியாகக் கனத்த துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். அந்த ஆணிதான் சாதாரணப் பையைச் சீக்கிரம் ஓட்டை போடுகிறது. கழுத்தைத் தாங்கும் கட்டை ஒன்று உள்ளே இருந்தால், பை தரையில் விழுந்தாலும் தலை நேராக மோதாது. அப்படிப்பட்ட பேக்கைத் திறந்து காட்டி விற்றால் வாடிக்கையாளர் கூடுதல் விலைக்குத் தயங்க மாட்டார்.

ஜிப் பற்றி. எண் 5 ஜிப் ஸ்கூல் பைக்குச் சரி. இதற்கு 8 அல்லது 10 கேளுங்கள். இழுப்பான் இரண்டு இருக்க வேண்டும். உலோகப் பல் ஜிப் பாலிஷைக் கீறும். உட்பக்கம் மறைப்புத் துணி இல்லையென்றால் நைலான் ஜிப்பே நல்லது. மழையில் தண்ணீர் இறங்குவதும் துணி வழியாக அல்ல, ஜிப் வழியாகத்தான். ஒரு டம்ளர் தண்ணீரை ஜிப் மேல் ஊற்றிப் பாருங்கள், ஐப்பசி அடைமழைக்கு அது நிற்குமா என்பது தெரிந்து விடும்.

தோள் பட்டை தையல் விடுவதே அதிகப் புகாருக்குக் காரணம். கட்டம் போட்டு நடுவே பெருக்கல் குறி தையல் இருக்கிறதா பாருங்கள். நாம் புது சாம்பிள் வந்தால் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை உள்ளே போட்டு ஒரு நாள் முழுவதும் ஆணியில் தொங்க விடுவது வழக்கம். கிடாரின் எடை ஏறத்தாழ இரண்டு கிலோதான், ஆனால் பிள்ளைகள் அதைப் பிடித்து ஓடுகிற ஓட்டத்துக்கு இந்தப் பரீட்சை தேவை. நல்ல பேக் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ எடைக்குள் அடங்கும். மரப் பெட்டி நான்கு, ஐந்து கிலோ வந்து விடும். வேன், லாரியில் சாமான்களோடு ஏற்றுகிறவர் கேட்டால் பெட்டியையே சிபாரிசு செய்யுங்கள். பேக் எதுவும் மேலே ஆள் உட்காருவதைத் தாங்காது.

அளவில் பலர் குழம்புகிறார்கள். 38, 39, 40, 41 அங்குலம் என்பது கிடாரின் முழு நீளம். சிறு பிள்ளைகளுக்கு 34, 36 வரும். 41 அங்குல கிடாரின் அகன்ற பகுதி 16 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஜம்போ என்றால் 17. பெரிய பேக்கில் சிறிய கிடாரைப் போட்டால் உள்ளே ஆடி அடிபடும், ஆகவே 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற சரக்கை நாம் எடுப்பதில்லை.

இருப்பு வைப்பதிலும் கவனம் தேவை. உட்பூச்சு பாலியூரிதேன் என்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்த கோடவுனில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியும். பழைய இருப்பை முதலில் தள்ளுங்கள். பிளாஸ்டிக் வாசனை தூக்கும் பி.வி.சி. உள்துணியும் வேண்டாம். சிலவகை கிடாரின் லேக்கர் பாலிஷில் அது ஒட்டிக் கறை பிடிக்கும். பழி கடைக்காரருக்கு வரும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிடாரை வைக்க வேண்டாம், பேக்கில் இருந்தாலும் சூட்டில் பசை இளகும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

பில் போடும்போது ஒரு நுணுக்கம். பேக்கைத் தனியாக விற்றால் அது 4202 என்ற தலைப்பில் வரும். இசைக்கருவி உறைகள் அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. கிடார் 9202. அந்தக் கருவிக்கென்றே வடிவமைத்து, நீண்ட காலம் உழைக்கக் கூடியதாக, வழக்கமாக அதனுடன் விற்கப்படும் உறையைக் கிடாரோடு சேர்த்துக் கொடுத்தால், அது கிடாரின் தலைப்பிலேயே சேரும் என்று வகைப்பாட்டு விதி சொல்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் அடித்து விடாமல், வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

ஆர்டர் போட ஜூன் பள்ளித் திறப்புக்கு முன்பும், விஜயதசமிக்கு ஒரு மாதம் முன்பும் ஏற்ற சமயம். விஜயதசமியன்று வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்குச் சிறிய அளவுகளே அதிகம் போகும். ஆயுத பூஜை வாரத்தில் லாரி ஆபீசில் சரக்கு தேங்கி நிற்கும், அதற்கு முன்பே இறக்கிக் கொள்ளுங்கள்.