தோட்டத்து ஊஞ்சலுக்கு ஏற்ற மரம்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் அமைக்க எந்த மரம் சிறந்தது?

பதில்: வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும் திறந்தவெளி ஊஞ்சலுக்குத் தேக்கின் வைரம், அதாவது அடிமரத்தின் நடுவே முதிர்ந்து கருத்த பகுதி, மிகவும் ஏற்றது; அதிலுள்ள எண்ணெய்ப்பசையும் டெக்டோகுயினோன் என்னும் வேதிப்பொருளும் கரையானையும் பூஞ்சையையும் தடுப்பதோடு, ஈரத்தால் விரிந்து சுருங்கும் இயல்பும் அதற்குக் குறைவு. வைரத்தைச் சூழ்ந்த வெளிர்நிறப் பகுதிக்கு இந்தக் காப்பு இல்லாததால், அது கலந்த சட்டங்களைத் தவிர்க்க வேண்டும். மலிவான பைன் மரத்தை வாங்குவோர் அது எந்த மருந்தால் பதப்படுத்தப்பட்டது என்பதைக் கேட்டறிவது கட்டாயம்; ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைத் தொடும் குழந்தைகளின் கைகளில் அந்நஞ்சு ஒட்டக்கூடும் என்பதால், வீட்டு உபயோகத்துக்கு அம்மருந்தை ஏற்றுவது அமெரிக்காவில் 2003 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. எம்மரமாயினும் அது நன்கு உலர்ந்திருப்பதும், சுமை தாங்கும் உத்தரம் கணுவும் வெடிப்பும் அற்றிருப்பதும் இன்றியமையாதவை.