மரண சிந்தனை நூல்களும் நம் வாழ்வும்



மரணத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை வீட்டில் யாராவது கையில் எடுத்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன வாசிப்பு?" என்று மற்றவர்கள் கடிந்துகொள்வதுண்டு. முதியவர் எடுத்தால் பிள்ளைகள் கலங்குகிறார்கள். வாலிபன் எடுத்தால் பெற்றோர் பயப்படுகிறார்கள். சாவைப் பற்றி வாசிப்பது சாவை வாசலுக்கு அழைப்பதாகும் என்று நினைக்கிறோம். இந்த எண்ணம் சரியா? இத்தகைய நூல்கள் வாசிக்கிறவனுக்குச் செய்வதென்ன? இதுவே இன்றைய பாடம்.

1. நம் முன்னோர் வகுத்த முறை

சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரை எடுத்துப் பாருங்கள். அதன் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்பவை. பணம் போகும், வாலிபம் போகும், இந்தச் சரீரமும் போகும். அவ்வளவுதானா? இல்லை. நான்காம் அதிகாரம் அறன் வலியுறுத்தல். எல்லாம் போகும் என்று சொன்ன நூல் உடனே, ஆகையால் நல்லதைச் செய் என்கிறது. இந்த "ஆகையால்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2. நன்மரணம் கற்பித்த ஏடு

1347-ம் ஆண்டு முதல் சில வருடங்களுக்குள் ஐரோப்பாவில் கொள்ளைநோய் கோடிக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. சாகிறவர் அருகில் நிற்கக் குருக்கள் போதவில்லை. அதற்குப் பிந்திய 15-ம் நூற்றாண்டில், நன்றாய் மரிக்கும் கலையைக் கற்பிக்கும் சிறு நூல்கள் அங்கே பரவின. சாகிறவனுக்கு வரும் ஐந்து சோதனைகளை அவை விவரித்தன: விசுவாசத் தளர்ச்சி, அவநம்பிக்கை, பொறுமையின்மை, வீண் பெருமை, பொருளாசை. எழுத்தறியாதவர்களுக்காகப் படங்களும் இருந்தன. அந்த ஐந்தையும் சற்று யோசியுங்கள். அவை சாகிறவனுக்கு மட்டுமா வருகின்றன? ரேஷன் கடை வரிசையிலும், வேலைத்தலத்திலும், பாகப்பிரிவினைப் பேச்சிலும் தினந்தோறும் வருகிறவையல்லவா? ஆகையால் நன்றாய் மரிக்கக் கற்பித்த நூல் உண்மையில் நன்றாய் வாழவே கற்பித்தது.

3. நோய்ப்படுக்கையில் வாசித்தவர்

1521-ம் ஆண்டு மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த அர்ச். இஞ்ஞாசியார், அடுத்த மாதம் மரணத் தறுவாயில் கடைசித் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்றார். உயிர் தப்பியபின், பொழுதுபோக வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் கிடைத்தவையோ சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமும்தான். அந்த வாசிப்பு அவரை வேறு மனிதராக்கிற்று. அவர் ஏற்படுத்திய சேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் சுவாமியார், 1586-ல் முத்துக்குளித்துறை மக்களுக்காக "அடியார் வரலாறு" என்ற அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரத்தைத் தமிழில் அச்சிட்டார். படுக்கையில் கிடந்த ஒருவரை மாற்றிய அதே வகை வாசிப்பு, 65 வருடங்களில் நம் தமிழ்க் கரைக்கு வந்து சேர்ந்தது.

இஞ்ஞாசியார் தமது ஞான முயற்சிகள் என்ற நூலில் சொல்லும் ஆலோசனை ஒன்று உண்டு. ஏதேனும் முக்கிய தீர்மானம் செய்யும்போது, நான் மரணப்படுக்கையில் கிடந்தால் இந்தக் காரியத்தில் எப்படி நடந்திருக்க விரும்புவேன் என்று யோசித்து, அதையே இப்பொழுது செய்யவேண்டும் என்பதே அது.

4. பயமா, ஆயத்தமா?

மரண நூல்கள் எல்லாம் நன்மையே செய்தன என்று சொல்லமுடியாது. தண்டனையை மட்டும் வர்ணித்து, சர்வேசுரனுடைய இரக்கத்தை மறைத்த வாசிப்பு சிலரை அவநம்பிக்கையில் தள்ளியதுண்டு. இந்தப் பயத்தின் விளைவை இன்றும் காண்கிறோம். "சுவாமியாரைக் கண்டால் நோயாளி பயந்துபோவார்" என்று, நினைவு தப்பும்வரை காத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அவஸ்தைப்பூசுதல் என்று நம் பெரியவர்கள் சொன்ன தேவதிரவிய அநுமானம், கடைசி மூச்சில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் கூறிற்று. 1972-ல் அதன் சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டது. இன்று அதை நோயில்பூசுதல் என்கிறோம். நோயாளி தாமே கேட்டு, தாமே பதில் சொல்லிப் பெறவேண்டிய ஆறுதலை, நம் பயத்தினால் அவருக்கு இல்லாமல் செய்யலாமா?

ஆகவே நல்ல மரண நூலை அறிய ஒரே சோதனை போதும். மூடி வைத்தபின் வாசித்தவன் என்ன செய்கிறான்? பயந்து படுத்துக்கொண்டால், நூல் பாதி வேலைதான் செய்தது. எழுந்துபோய்ப் பேசாதிருந்த தம்பியோடு பேசினால், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தால், அது தன் வேலையை முடித்தது.

இந்த வாரத் தீர்மானம்: ஒரு நாள் இரவு, ஜெபம் முடிந்தபின், குடும்பமாக இத்தகைய நூலில் ஒரு பக்கம் வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்: "நாளை நான் இல்லாவிட்டால், இன்று முடிக்காமல் விட்டதற்காக எதை நினைத்து வருந்துவேன்?" பதில் கிடைத்ததும், விடிந்தவுடன் அதைச் செய்து முடியுங்கள்.