பள்ளியும் வீடும் இணங்கி நடக்கக் கற்பிப்பது யார்?



பிள்ளை படிப்பில் பின்வாங்கினால் உபாத்தியாயர் வீட்டைக் குறை சொல்வார். வீட்டார் பள்ளியைக் குறை சொல்வார்கள். வழக்கு தீருமுன் பிள்ளையின் வயது கடந்துவிடும். இரு சாராரையும் ஒரு கூட்டத்திற்கு அழைத்துவிட்டால் போதுமா? போதாது; சேர்ந்து வேலை செய்யும் விதத்தை அவர்களுக்கு ஒருவர் உடனிருந்து பழக்க வேண்டும். இதை அமெரிக்க நாட்டு முயற்சி ஒன்றிலிருந்து அறியலாம்.

ஒரு தாயும் மூன்று தோழர்களும்

ஜேம்ஸ் கோமர் 1934-ல் இந்தியானா மாகாணத்து ஈஸ்ட் சிகாகோ நகரில் கறுப்பின ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் இரும்பாலைத் தொழிலாளி. தாயார் மேகி பிறர் வீடுகளில் வேலை செய்தவர். இரண்டு ஆண்டுகூட முழுமையாகப் பள்ளி சென்றதில்லை. ஆயினும் பிள்ளைகள் ஐவரையும் பட்டதாரிகளாக்கினார். கோமருடன் படித்த தோழர் மூவரும் புத்தியில் அவருக்கு இளைத்தவர்களல்லர். ஆனால் ஒருவர் குடியால் மாண்டார். ஒருவர் சிறையில் காலம் கழித்தார். ஒருவர் மனநோய் மருத்துவமனைகளில் அலைந்தார். புத்தியில் பேதமில்லை, வீடு தந்த பழக்கத்தில்தான் பேதம் என்று கோமர் கண்டார். அப்படியானால், வீட்டில் அது கிட்டாத பிள்ளையின் கதி என்ன?

நியூ ஹேவன் பள்ளிகள்

கோமர் மனநல வைத்தியரானார். 1968-ல் யேல் சர்வகலாசாலையிலிருந்து ஒரு சிறு குழுவோடு நியூ ஹேவன் நகரின் இரண்டு ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்றார். 1969-ல் நகரத்தின் 33 பள்ளிகளில் அவ்விரண்டுமே 32-வதும் 33-வதுமாக இருந்தன. முதல் ஆண்டு குழப்பத்திலேயே கழிந்தது. பெற்றோருக்குக் கோபம், உபாத்தியாயர்களுக்கு அவநம்பிக்கை.

குழுவினர் பிரசங்கம் செய்துவிட்டுப் போய்விடவில்லை. தலைமை உபாத்தியாயர், உபாத்தியாயர்கள், பெற்றோர் ஆகியோரைக் கொண்ட நிர்வாக சபையில் தாமும் அமர்ந்தார்கள். அங்கே மூன்று விதிகள் உண்டாயின:

1. யார்மீதும் குற்றம் சுமத்தாதே. தீர்க்கும் வழியை மட்டும் தேடு.
2. வாக்கெடுத்து ஒரு சாராரைத் தோற்கடிக்காதே. எல்லாரும் இசையும்வரை பேசு.
3. தலைமை உபாத்தியாயரின் கையைக் கட்டிப்போடாதே. அவரும் சபையைக் கேளாமல் நடக்க வேண்டாம்.

ஓர் உதாரணம் பாருங்கள். வட கரோலினா நாட்டுப்புறத்திலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுவனை, உறவினப் பெண் ஒருத்தி மறுநாளே பள்ளியில் விட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வாரத்தில் ஏற்கெனவே புதுப் பிள்ளைகள் பலர் வந்திருந்தபடியால் ஆசிரியை சலித்துப்போயிருந்தாள். மிரண்ட சிறுவன் அவளை உதைத்துவிட்டு ஓடினான். தண்டித்து அனுப்புவது எளிது. ஆனால், "அவன் நிலையில் நாம் இருந்தால்?" என்று எண்ணிப் பார்க்க உபாத்தியாயர்கள் பழக்கப்பட்டார்கள். அதன்பின் புதிதாய் வரும் பிள்ளைகளை முறையாக வரவேற்று, நன்றாய்ப் படிக்கும் ஒரு பிள்ளையைத் துணையாக விடும் வழக்கம் ஏற்பட்டது.

பெற்றோரும் முதலில் விருந்து, கலைநிகழ்ச்சி போன்ற சிறு காரியங்களுக்கே வந்தார்கள். பிறகு சிலர் வகுப்பில் உதவினார்கள். சிலர் சபையில் அமர்ந்தார்கள். 1984-ல் இம்முயற்சி நடந்த இரு பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நகரத்தில் மூன்றாம், நான்காம் இடங்களுக்கு உயர்ந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் ஆயின என்பதை மறக்க வேண்டாம். பின்னர் வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் யேலுக்கு வந்து பயிற்சி பெற்று, தத்தம் ஊர்ப் பள்ளிகளுக்குத் துணையாக நின்றார்கள்.

நமக்குரிய பாடம்

பெற்றோர் கூட்டத்திற்கு ஆள் சேரவில்லையென்று வருந்துகிறோம். வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தோம்? பேசத் தெரியாத தாய்க்குப் பேச யார் தைரியம் சொன்னார்கள்? உபாத்தியாயரும் பெற்றோருக்குச் செவிகொடுக்க யாரிடம் கற்றார்? நடக்கப் பழகும் குழந்தைக்கு விரல் கொடுக்கிறோம்; கால் ஊன்றியதும் விட்டுவிடுகிறோம். துணை நிற்பவர் வேலையும் அதுவே.

வீட்டில் ஆலோசிக்க:

1. பிள்ளையின் ஆசிரியரை நாம் குறை சொல்ல அல்லாமல் கடைசியாகச் சந்தித்தது எப்போது?
2. அடுத்த கூட்டத்திற்கு, போகக் கூசும் எந்த அண்டை வீட்டாரை நம்மோடு அழைத்துச் செல்வோம்?