சாவிப் பலகையும் சூப்பர் பிளாக்கும்

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்து லாட்ஜுகளைப் பார்த்திருப்பீர்கள். மேனேஜரிடம் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று, எந்த ரூமில் யார் என்று எழுதிய ரிஜிஸ்டர். இன்னொன்று, அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கும் சாவிப் பலகை. சாவி தொங்கினால் ரூம் காலி. கூட்ட நேரத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால்? ரூம் காலி, ஆனால் பலகையில் சாவி இல்லை என்றால் வாடகைதான் நஷ்டம். ரூமில் ஆள் இருக்கும்போதே சாவி பலகையில் தொங்கினால்தான் வம்பு. அடுத்த குடும்பத்தை உள்ளே அனுப்பிவிடுவார்!

பழைய மினி கணிப்பொறியில் டிஸ்க் கெடுவதும் இதே கதைதான். 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அது பிடிபி-11 என்ற 16 பிட் மினி கணிப்பொறியில் ஓடியது. (நம் நாட்டில் ஹைதராபாத் ஈசிஐஎல் தயாரித்த டிடிசி-316-உம் 16 பிட் மினிதான்.) 2002-இல் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸுக்குத் தாராளமான உரிமம் கொடுத்துவிட்டதால், சிம்ஹெச் என்ற சிமுலேட்டரில் நம் வீட்டிலேயே அதை ஓட்டிப் பார்க்கலாம்.

இதில் டிஸ்க் 512 பைட் பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் 64 பைட்டில் ஓர் ஐநோட் உண்டு. எந்தெந்த பிளாக் அந்த ஃபைலுடையது என்று அதில் இருக்கும். இதுதான் ரிஜிஸ்டர். 1-ஆம் எண் பிளாக்கில் இருப்பது சூப்பர் பிளாக். அங்கே அதிகபட்சம் 50 காலி பிளாக்குகளின் எண்கள் இருக்கும். மிச்சம் அதிலிருந்து சங்கிலியாகப் போகும். இதுதான் சாவிப் பலகை.

சிக்கல் என்னவென்றால், வேகத்துக்காக யூனிக்ஸ் எல்லாவற்றையும் முதலில் மெமரியில் மாற்றிவிட்டு, சாவகாசமாகத்தான் டிஸ்க்கில் எழுதும். அப்டேட் என்ற ப்ரோக்ராம் 30 விநாடிக்கு ஒருமுறை சிங்க் செய்துகொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் போனால் ஐநோட் டிஸ்க்குக்குப் போயிருக்கும், சூப்பர் பிளாக் போயிருக்காது. அதாவது, ரூமில் ஆள், பலகையிலும் சாவி!

இதைக் கண்டுபிடிக்க ஐசெக் என்ற கட்டளை இருக்கிறது. எல்லா ஐநோட்டையும் படித்து, காலிப் பட்டியலோடு ஒப்பிடும். 'மிஸ்ஸிங்' என்று வந்தால் வாடகை நஷ்டம், பயப்பட வேண்டாம். 'டப்' என்று வந்தால் கை வைக்காதீர்கள், யோசியுங்கள். டைரக்டரியில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையும் ஐநோட்டில் உள்ள லிங்க் எண்ணிக்கையும் ஒன்றா என்று டிசெக் பார்க்கும். ஐசெக்குக்கு 'மைனஸ் எஸ்' கொடுத்தால் பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரூம் ரூமாகப் பார்த்துப் புதுப் பலகை எழுதிவிடும்.

இங்கேதான் நான் மாட்டினேன். பொன்மலையிலிருந்து வரும் என் நண்பன், இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய சி ப்ரோக்ராம்களை என் சிமுலேட்டரில்தான் வைத்திருந்தான். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. ஐசெக் பார்த்தால் வரிசையாக டப். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, மல்டி யூசரில் இருந்தபடியே ரூட் டிஸ்க்குக்கு 'மைனஸ் எஸ்' கொடுத்து, வெளியீட்டை அதே டிஸ்க்கில் ஒரு ஃபைலில் சேமித்தேன். பழக்க தோஷத்தில் மூன்று தடவை சிங்க் வேறு. போச்சு!

ஏன் என்று கேளுங்கள். ரூட் டிஸ்க்கின் பழைய சூப்பர் பிளாக் மெமரியிலேயே இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பதை ஐசெக் சரிசெய்துவிட்டது கர்னலுக்குத் தெரியாது. நான் புது ஃபைல் எழுதியதால் மெமரியில் இருந்த பிரதி 'மாறியது' என்று குறிக்கப்பட்டது. சிங்க் அதைக் கொண்டுபோய்ப் புதுப் பலகையின் மேலேயே எழுதிவிட்டது. பிறகு நான் எழுதிய ஃபைல்கள் நண்பனின் ரூம்களில் போய்ப் படுத்துக்கொண்டன. நிறுத்தும் முன் சிங்க் போடு என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்த ஒரு இடத்தில் சிங்க்தான் எமன். மேனுவலிலேயே, ரூட்டைச் சரிசெய்தால் உடனே ரீபூட் செய் என்று இருக்கிறது. படித்தால்தானே!

சரியான வழி இதுதான். முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். சிமுலேட்டரில் டிஸ்க் என்பது வெறும் ஒரு ஃபைல், காப்பி அடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. பூட் செய்ததும் வரும் சிங்கிள் யூசரிலேயே நில்லுங்கள், அங்கே அப்டேட் ஓடாது. முதலில் ஐசெக், டிசெக் இரண்டையும் வெறுமனே ஓட்டி, வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடினால், பிரதியிலிருந்து இரண்டையும் பார்த்து எது உண்மை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், கணிப்பொறிக்குத் தெரியாது. பிறகு 'மைனஸ் எஸ்'. அப்போது ரா டிவைஸ் பெயரைக் கொடுங்கள், பஃபருக்குப் போகாமல் நேரே டிஸ்க்கில் எழுதும். முடிந்ததும் வேறு எதுவும் டைப் செய்யாமல் கன்ட்ரோல்-ஈ அடித்து நிறுத்தி, மறுபடி பூட் செய்யுங்கள்.

நண்பனின் ப்ரோக்ராம்களில் இரண்டு அழிந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் பிரிண்ட்-அவுட் இருந்தது. நான் வரி வரியாக வாசிக்க, அவன் மறுபடி டைப் அடித்தான். இன்னொன்றை அவன் ஞாபகத்திலிருந்து எழுத நாலு நாள் ஆனது.