அளவுகோலும் பெருக்கலும் போதும்: விலை குறைந்த சூரிய மின்தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின் நிலையம் 2016ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அங்குள்ள தகடுகளும், மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் உள்ளங்கை அளவுத் தகடும் ஒரே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. மின் நிலையத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாது. சிறு தகட்டை ஒவ்வொரு மாணவரின் கையிலும் கொடுக்க முடியும்.

ஆனால், அறிவியல் மன்றத்துக்கென வாங்கிய தகடு பேட்டரியில் மின்னேற்றம் செய்யவில்லை என்றால் அது விரைவில் அலமாரிக்குப் போய்விடும். "சூரிய ஆற்றல் என்றால் இவ்வளவுதான்" என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடும். குறை பெரும்பாலும் வெயிலில் இல்லை, தேர்வில்தான் இருக்கிறது. வாங்கும் முன் செய்யவேண்டிய கணக்குகளையே பாடமாக்கினால் பணமும் வீணாகாது, பாடமும் மனத்தில் நிற்கும்.

எடுத்துக்காட்டாக, டார்ச் விளக்கில் போடும் இரண்டு பென்சில் பேட்டரிகளை எடுத்துக்கொள்வோம். இவை மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி.

முதல் கணக்கு: மின்னழுத்தம்

இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 2.4 வோல்ட். எனவே 3 வோல்ட் தகடு போதும் என்றே மாணவர்கள் சொல்வார்கள். இங்கேதான் சிந்திக்க வைக்கவேண்டும். மேட்டு நிலத்துக்கு நீர் ஏற்ற, அதைவிட உயரமான தொட்டி வேண்டும் அல்லவா? மின்னேற்றம் முடியும் நிலையில் ஒவ்வொரு பேட்டரியும் ஏறத்தாழ 1.5 வோல்ட் வரை உயரும். ஆகவே இரண்டுக்கும் 3 வோல்ட் தேவை.

இரவில் பேட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்னோட்டம் திரும்பிச் செல்லாமல் தடுக்க ஒரு டையோடு வேண்டும். சாதாரண சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும்; ஷாட்கி டையோடு ஏறத்தாழ 0.3 வோல்ட் மட்டுமே எடுக்கும்.

வெப்பமும் ஒரு காரணி. தகட்டின் மேல் எழுதப்படும் அளவுகள் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. நம் ஊர் உச்சி வெயிலில் தகடு 60 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஓர் ஒளிமின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும்.

சிலிக்கான் ஒளிமின்கலம் ஒன்று, அளவு எதுவானாலும், வேலை செய்யும்போது ஏறத்தாழ 0.5 வோல்ட் தரும். தகட்டின் மேல் தெரியும் மெல்லிய இடைவெளிகளை வைத்துக் கலங்களை எண்ணலாம். 8 கலங்கள் கொண்ட தகடு 4 வோல்ட் தரும். வெப்ப இழப்பு 8 × 35 × 2 = 560 மில்லி வோல்ட். அதைக் கழித்தால் 3.44 வோல்ட். ஷாட்கி டையோடுக்கு 0.3 போக 3.14 வோல்ட் மிஞ்சும், போதுமானது. 6 கலத் தகட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 2.28 வோல்ட்தான் வரும். பேட்டரி ஏன் நிறையவில்லை என்பதற்கு விடை இதுவே.

இரண்டாம் கணக்கு: மின்னோட்டம்

மின்னேற்றக் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமல் மலிவாகச் செய்யவேண்டுமானால் மெதுவான மின்னேற்றமே பாதுகாப்பானது. பேட்டரியின் கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லி ஆம்பியர், ஏற்ற அளவு. இழப்புகளையும் சேர்த்தால் 14 மணி நேரம் தேவைப்படும். தமிழ்நாட்டில் தெளிந்த நாளில் கிடைக்கும் ஒளி, ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கொள்ளலாம். எனவே மூன்று நாளில் பேட்டரி நிறையும். நாம் தேட வேண்டியது 4 வோல்ட், 200 மில்லி ஆம்பியர் தகடு, திறன் 0.8 வாட்.

மூன்றாம் கணக்கு: பரப்பளவு

இது தொடக்க வகுப்பு மாணவரும் செய்யக்கூடியது. முழு வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் திறன் ஏறத்தாழ 1000 வாட். ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். எனவே 50 சதுர சென்டிமீட்டரில் விழுவது 5 வாட். நல்ல தகடும் அதில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றும் என்று கொண்டால் கிடைப்பது 1 வாட். ஆக, கலங்கள் உள்ள பகுதியின் பரப்பளவை 50ஆல் வகுத்தால், தகடு தரக்கூடிய அதிகபட்ச வாட் தெரியும். விளம்பரம் இதைவிட மிக அதிகமாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வெயிலில் சோதனை

மல்டிமீட்டரைக் கொண்டு பேட்டரி இணைக்காத நிலையில் தகட்டின் மின்னழுத்தத்தை அளக்கவும். பின்னர் 10 ஆம்பியர் முனையில் இணைத்து, தகட்டின் இரு முனைகளுக்கிடையே நேரடியாக மின்னோட்டத்தை அளக்கவும். சிறு தகட்டுக்கு இதனால் தீங்கில்லை. பேட்டரியில் இவ்வாறு ஒருபோதும் செய்யக்கூடாது. நிழலுக்குக் கொண்டு சென்றால் மின்னழுத்தம் சிறிதே குறையும். மின்னோட்டம் வெகுவாகக் குறையும். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துத் தகட்டை மதிப்பிடக் கூடாது என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவர். ஒரே ஒரு கலத்தை விரலால் மூடச் செய்யுங்கள்; தொடரிணைப்பில் ஒரு கலத்தின் குறை முழுத் தகட்டையும் பாதிப்பது தெரியும்.

புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. பழுதான தோட்ட விளக்குகளில் பேட்டரி கெட்டிருந்தாலும் தகடு நன்றாக இருக்கக்கூடும். இத்தகைய சிறு தகடுகள் பெரும்பாலும் ஒரு பேட்டரிக்கே போதுமானவை. எதையும் அளந்து பார்த்த பின்னரே பயன்படுத்தவும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

மறுமின்னேற்றம் செய்ய முடியாத சாதாரண பேட்டரிகளைத் தகட்டுடன் இணைக்கக் கூடாது. அவை கசியலாம், வெடிக்கவும் கூடும். கைப்பேசியில் உள்ள லித்தியம் பேட்டரிகளையும் நேரடியாக இணைக்கக் கூடாது. பேட்டரிகளை நிழலில் வைத்து, தகட்டை மட்டும் வெயிலில் வைக்கவும். மின்னேற்றம் நிறைவுற்றதும் இணைப்பை நீக்கிவிடவும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டவும்.

மதிப்பீடு

1. 10 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தகட்டில் "5 வாட்" என்று அச்சிடப்பட்டுள்ளது. இதை நம்பலாமா? காரணம் கூறுக.

2. 8 கலத் தகட்டுடன் ஷாட்கி டையோடுக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கான் டையோடை இணைத்தால், உச்சி வெயிலில் இரண்டு பேட்டரிகளும் நிறைவாக மின்னேற்றம் பெறுமா? கணக்கிட்டுக் காட்டுக.

3. மேகமூட்டமான நாளில் மின்னேற்றத்துக்குக் கூடுதல் நேரம் ஆவது ஏன்?